எங்கள் வீட்டுக்கு வந்த சூசையப்பர்

மார்ச் மாதத்தில் சூசையப்பர் திருநாள் வரும்போது எங்கள் மட்டாஞ்சேரிப் பக்கம் வயசான ஆண்களுக்குப் பெரிய தட்டுப்பாடு வந்துவிடும். சிரிக்காதீர்கள், உண்மைதான். அன்றைக்குப் பல வீடுகளில் ஊட்டு நேர்ச்சை நடக்கும். நேர்ந்துகொண்டவர்கள் ஒரு வயசான ஆணையும் ஒரு பெண்ணையும் ஒரு சின்னக் குழந்தையையும் வீட்டுக்கு அழைக்க வேண்டும். அவர்களைச் சூசையப்பராகவும் மாதாவாகவும் குழந்தை இயேசுவாகவும் உட்கார வைத்து, கால் கழுவி, இலை போட்டுச் சோறு பரிமாற வேண்டும். அந்த மூன்று பேரும் சாப்பிட்டு எழுந்து வீட்டை ஆசீர்வதித்த பிறகுதான் மற்றவர்கள் கை நனைக்கலாம். மாதாவும் குழந்தையும் எளிதாகக் கிடைத்துவிடுவார்கள். சூசையப்பர்தான் கிடைக்க மாட்டார். ஒரே பெரியவர் மூன்று வீட்டில் சாப்பிட்டுவிட்டு, நாலாவது வீட்டில் வேட்டியைத் தளர்த்திக்கொண்டு பெருமூச்சோடு உட்காருவதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் இந்த நேர்ச்சையை நேர்ந்துகொண்டது என் மகளுக்காக. அவளுக்கு டெங்கு வந்து, பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. எர்ணாகுளத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் பெயின்ட் வேலை செய்கிறவன். எந்தச் சுவரைப் பார்த்தாலும் பட்டி மாவைச் சரியாக இழுத்துப் பூசியிருக்கிறார்களா என்றுதான் முதலில் கண் போகும். அன்றைக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. ‘சூசையப்பரே, நீங்களும் பிள்ளையைக் காணாமல் மூன்று நாள் தேடினவர்தானே. என் பிள்ளையைத் திருப்பித் தாருங்கள். உங்கள் திருநாளுக்கு என் வீட்டில் இலை போடுகிறேன்’ என்று மனசுக்குள் சொன்னேன். மகள் நல்லபடியாக வீடு திரும்பினாள். வந்ததும் வராததுமாக முதல் வேலையாகப் பொரோட்டா கேட்டாள்.

மனைவியிடம் நேர்ச்சையைப் பற்றிச் சொன்னபோது அவள் சந்தோஷப்பட்டாள். பிறகு ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள்.

“நேர்ந்தது நீங்கதானே? அப்போ இலை போட்டப்புறம் ஜெபமும் நீங்கதான் சொல்லணும். எல்லாருக்கும் கேக்குற மாதிரி. வீட்டுக்காரர் சொல்லணும்னுதான் வழக்கம்.”

“நீயே சொல்லிடேன்.”

“தினம் சாயங்காலம் நான்தான் சொல்றேன். உங்க நேர்ச்சைக்குமா நான் சொல்லணும்? அது நடக்காது.”

என் கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது. முப்பத்தேழு வருஷமாக யார் காதிலும் விழும்படி நான் ஒரு ஜெபமும் சொன்னதில்லை. கோயிலுக்குத் தவறாமல் போவேன். ஜெபமாலை சொல்வேன். எல்லாம் உதட்டுக்குள்ளேதான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே மிளகு மூட்டை தூக்க வந்தவர். வீட்டில் ஜெபமெல்லாம் தமிழில். அம்மாதான் சொல்லிக்கொடுத்தாள். ஒன்பது வயதில் என்னைப் புதுநன்மைக்கு, அதாவது முதல் தடவை நற்கருணை வாங்குவதற்கு, சேர்த்தார்கள். வேதபாட வகுப்பு கோயிலுக்குப் பின்னால் இருந்த ஹாலில் நடக்கும், எல்லாம் மலையாளம். கேட்டால் புரியும். ஆனால் ஜெபம் என்று வந்தால் என் வாயில் தமிழ்தான் வரும். புதுநன்மைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பெற்றோர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு பரீட்சை வைத்தார்கள். பாவத்துக்காக மனம் வருந்துகிற ஜெபத்தை ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு, அம்மா சொல்லித் தந்தபடி நல்ல சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு வரி போயிருக்கும். வேதபாட ஸார் சிரித்துவிட்டார்.

“எடா, இந்தப் பிரார்த்தனை எதுல வந்திறங்கிச்சு? பாண்டி லோரியிலயா?”

தமிழ்நாட்டிலிருந்து காய்கறி ஏற்றி வருகிற லாரிக்கு இங்கே அப்படி ஒரு பேர். ஹால் முழுக்கச் சிரித்தது. பிள்ளைகள் மட்டுமில்லை, பெரியவர்களும் சிரித்தார்கள். என் அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னவென்று புரியாமல், எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவளும் கொஞ்சம் சிரித்தாள். ஸார் சிரித்ததைவிட அதுதான் எனக்குள் போய்த் தைத்தது. இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஸார் சொல்லிவிட்டார். மறு வருஷம் தங்கச்சியோடு சேர்ந்து, அவளைவிட ஒரு சாண் உயரமாக நின்று, புதுநன்மை வாங்கினேன்.

அதிலிருந்து நான் ஜெபத்துக்கு வாயைத் திறந்தால் பின்னால் யாரோ சிரிக்கிற மாதிரி இருக்கும். கல்யாணத்தில் சம்மதம் சொல்லும்போது என் சத்தம் கேட்கவில்லை என்று சாமியார் மூன்று தடவை சொல்லச் சொன்னார். பெண் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லையோ என்று பயந்தே போனார்கள். அதையாவது இப்போது சொல்லிச் சிரிக்கலாம். அம்மா இறந்தபோது, பெட்டியை மூடுவதற்கு முன்னால், மூத்த மகன் ஒரு ஜெபம் சொல்லட்டும் என்றார்கள். நான் நின்றேன். தொண்டை திறக்கவில்லை. தங்கச்சிதான் சொன்னாள். நான் மண்ணள்ளிப் போட்டுவிட்டு வந்தேன்.

அந்த ஸாரை நான் மறக்கவே இல்லை. சாமியாரிடம் செய்கிற ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்திலும் ‘கோபம்’ என்று சொல்வேன். யார்மேல் என்று சொல்ல மாட்டேன். அவர் வீடு மாறிச் சுள்ளிக்கல் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டபோது நிம்மதியாக இருந்தது.

நேர்ச்சை நெருங்க நெருங்க நான் ரகசியமாகப் பழக ஆரம்பித்தேன். அப்போது களமசேரியில் ஒரு புது ஃபிளாட்டில் வேலை. காலி அறையில் ரோலரை உருட்டிக்கொண்டே சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். காலி அறையில் என் குரல் எனக்கே நன்றாக இருந்தது. கூட வேலை செய்கிற அஸ்ஸாம் பையன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

“சேட்டா, போன்ல ஆரு? மொதலாளியா?”

உடனே என் வாய் மூடிக்கொண்டது. “ஆமா, மொதலாளிதான்” என்றேன். யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை.

திருநாள் அன்று காலையிலேயே வீடு மணக்க ஆரம்பித்துவிட்டது. நோன்புக் காலமானதால் மீன், இறைச்சி கிடையாது. சாம்பார், அவியல், பருப்பு, பப்படம், பாயசம். மாதாவாக வரச் சம்மதித்தது பக்கத்துச் சந்தில் இருக்கிற சேச்சி. இஞ்சிக் கிடங்கில் சுக்கு சுத்தம் செய்கிறவர். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு பதினோரு மணிக்கே வந்து, அடுக்களைக்குள் போய் அவியலில் உப்பு பார்த்தார்.

“மாதா உப்பு பாக்கக்கூடாது சேச்சி, போய் உட்காருங்க” என்றாள் என் மனைவி.

“கானா ஊர்க் கல்யாணத்துல திராட்சை வீஞ்சு தீந்ததை யாரு பாத்தது? மாதாதானே? நான் உப்பு பாத்தா என்ன?”

குழந்தை இயேசுவுக்கு ஆண் பிள்ளை அகப்படவில்லை. மாடியில் குடியிருக்கிறவர்களின் நாலு வயது மகளைக் கேட்டோம். அவள் கை நிறைய வளையல், காலில் கொலுசு, தலையில் இரண்டு குடுமி. வளையலைக் கழற்றச் சொன்னால் அழுதாள். போட்டுக்கொண்டே உட்காரட்டும் என்று விட்டுவிட்டோம்.

சூசையப்பராக வர வேண்டியவர் பழைய படகுக்காரர் ஒருவர். மீன் கடையில் பார்த்தபோது கேட்டேன், “வந்நு களயாம்” என்றார், வருகிறேன் என்று. நானும் அதோடு விட்டுவிட்டேன். அங்கேதான் தப்புச் செய்தேன். இந்த ஊரில் சூசையப்பரை ஒரு மாதம் முன்னாலேயே வீட்டுக்குப் போய்ச் சொல்லி, முந்தின நாள் ஞாபகப்படுத்தி, அன்றைக்குக் கையோடு கூட்டி வர வேண்டும். பன்னிரண்டரை ஆகியும் ஆளைக் காணோம். போன் போட்டேன். அவருடைய மருமகள் எடுத்தாள்.

“அப்பச்சன் மூணு வீட்டுல உண்டுட்டு வந்து மல்லாந்து கிடக்காரு. எழுப்பினா திட்டுறாரு. நாலாவதா உங்களுக்கும் வாக்கு குடுத்திருந்தாரா? நல்ல ஆளு.”

வீட்டில் உறவுக்காரர்கள் பதினைந்து பேர் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். என் மைத்துனன் ஸ்கூட்டர் சாவியை எடுத்தான். “அத்தான், பதறாதீங்க. அரை மணி நேரத்துல ஒரு யௌசேப்பைக் கொண்டு வரேன்” என்று போனான். யௌசேப்பு என்றால் சூசையப்பர்தான், மலையாளத்தில். இருபது நிமிஷத்தில் பின்னால் ஒரு பெரியவரை உட்கார வைத்துக்கொண்டு வந்தும்விட்டான். அவர் ஒரு காலில் துணிக்கட்டோடு மெதுவாக இறங்கினார்.

“சுள்ளிக்கல் பஸ் ஸ்டாப்ல சும்மா உட்கார்ந்திருந்தாரு” என்று என் காதில் சொன்னான். “கேட்டேன், வரேன்னாரு. முண்டும் வெள்ளை, தலையும் வெள்ளை. இதுக்கு மேல என்ன வேணும்?”

பெரியவரைப் பாயில் உட்கார வைத்தோம். கால் மடக்க முடியாததால் ஒரு ஸ்டூல் போட்டோம். நடுவில் உட்கார்ந்திருந்த குழந்தை அவரை ஏறிட்டுப் பார்த்து, “இந்தத் தாத்தாவுக்குப் பல்லே இல்ல” என்றது. அவர் சிரித்தார்.

கால் கழுவத் தண்ணீர்ப் பாத்திரத்தோடு வந்த நான் அந்தச் சிரிப்பைக் கேட்டு நின்றுவிட்டேன். முகம் சுருங்கியிருந்தது, உடம்பு பாதியாகியிருந்தது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. வேதபாட ஸார்.

தண்ணீரோடு அடுக்களைக்குள் போய்விட்டேன். மனைவி பின்னாலேயே வந்தாள்.

“என்னாச்சு?”

“அவருதான்.”

“எவரு?”

“பாண்டி லோரி.”

கல்யாணமான புதிதில் ஒரு தடவை அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் வாசல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

“வேணும்னா தம்பிகிட்ட சொல்லிப் பழையபடி பஸ் ஸ்டாப்ல விட்டுடச் சொல்றேன். ஆனா இலையில உட்கார்ந்த சூசையப்பரை எழுப்பிவிட்ட வீடுன்னு சாயங்காலத்துக்குள்ள கோயில் யூனிட் வாட்ஸ்ஆப் குரூப்ல வந்துடும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அவள் என் தோளைத் தொட்டாள்.

“நீங்க அந்த மனுஷனுக்காகவா நேர்ந்தீங்க? நம்ம பிள்ளைக்காக நேர்ந்தீங்க. போங்க, சோறு ஆறுது.”

அவள் போன பிறகு நான் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் நின்று ஜெபித்தேன். உதட்டுக்குள்தான். ‘ஆண்டவரே, இவரை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வரவில்லை. திருநாள் அன்றைக்குப் பொய் சொல்லவும் மனசில்லை. இவரை என் வீட்டு இலையில் உட்கார வைத்தது நீங்கள். மன்னிக்கிற வேலையையும் நீங்களே செய்துகொடுங்கள். நான் காலை மட்டும் கழுவுகிறேன்.’ இதைவிட நல்ல ஜெபம் எனக்குத் தெரியவில்லை.

மாதாவின் கால்களைக் கழுவினேன். சேச்சிக்குக் கூச்சம், காலை இழுத்து இழுத்துக்கொண்டார். குழந்தையின் காலைக் கழுவும்போது அவள் கொலுசை ஆட்டித் தண்ணீரை என் முகத்தில் தெறித்தாள். கடைசியாக ஸார். கட்டுப் போட்ட காலை நீட்டவில்லை.

“இது நனையண்டாம் மோனே. சர்க்கரைப் புண்ணு. ஆறு மாசமா ஆறல.”

ஒரு காலை மட்டும் கழுவினேன். குதிகால் வெடிப்பில் தூசி இருந்தது. அதை விரலால் தேய்த்து எடுத்தேன். பழைய சுவரில் பெயின்ட் அடிக்கும் முன்னால், உதிர்கிறதையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டும். அதைப் பொறுமையாகச் செய்து எனக்குப் பழக்கம். கை தானாகவே வேலையைச் செய்தது. துண்டால் துடைத்து, வழக்கப்படி அந்தக் காலை முத்தமிட்டேன். கட்டுப் போட்ட காலையும் மேலாகத் தொட்டுக் கும்பிட்டேன்.

இலை போட்டாயிற்று. எல்லோரும் எழுந்து நின்றார்கள். மனைவி என்னைப் பார்த்தாள். மகள் என்னைப் பார்த்தாள். திரு இருதயப் படத்துக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தேன்.

“பிதாவாகிய சர்வேசுரா” என்று சொல்ல நினைத்தேன். முப்பத்தேழு வருஷமாகத் திறக்காத கதவு போல, முதலில் ஒரு கீச்சுச் சத்தம்தான் வந்தது. பூனையை மிதித்தால் கத்துமே, அந்த மாதிரி.

குழந்தை இயேசு சிரித்துவிட்டது. வளையல் குலுங்க, இலையில் கைதட்டிச் சிரித்தது. பப்படம் உடைந்தது. சேச்சி முந்தானையால் வாயைப் பொத்தினார். மைத்துனன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான், அவன் முதுகு குலுங்கியது. கடைசியில் ஸாரும் சிரித்தார்.

வாழ்நாளெல்லாம் எதற்குப் பயந்தேனோ அது என் வீட்டு நடுக்கூடத்தில், என் சொந்தக்காரர்கள் முன்னால், அதே மனிதர் சிரிக்க, நடந்துவிட்டது. நான் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. எங்கேயும் வலிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. வயிற்றிலிருந்து, கண்ணில் தண்ணீர் வர, திரு இருதயப் படத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தேன். ஆண்டவரும் கூடச் சிரித்தார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

சிரித்து முடித்தபோது தொண்டை திறந்திருந்தது. ஜெபம் சொன்னேன். தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி. மகளைத் திருப்பித் தந்ததற்கு நன்றி சொன்னேன். சமைத்தவர்களுக்காக, பசித்திருக்கிறவர்களுக்காக, மூன்று வீட்டில் சாப்பிட்டுப் படுத்திருக்கிற படகுக்காரருக்காக எல்லாம் சொன்னேன். அப்புறம், “இன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்த இந்தப் பெரியவரை ஆசீர்வதியும், அவர் காலைக் குணப்படுத்தும்” என்று சொன்னேன். அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்தது, சொன்னபோது அது உண்மையாகவும் இருந்தது. ஆமென் என்று முதலில் சொன்னது ஸார்தான்.

குழந்தை பாயசத்தை மட்டும் குடித்துவிட்டு மீன் எங்கே என்று கேட்டது. ஸார் நிதானமாகச் சாப்பிட்டார். இரண்டாம் தடவை பாயசத்துக்குக் கை நீட்டினார்.

“ஸாருக்குச் சர்க்கரை இல்லையா?” என்றாள் மனைவி.

“எனக்குத்தான் சர்க்கரை. யௌசேப்பிதாவுக்கு இல்லையே.”

மூன்று பேரும் எழுந்து நின்று ஆசீர்வதிக்கிற நேரம் வந்தது. நான் முழங்காலில் நின்றேன். அப்போதுதான் சொன்னேன்.

“ஸார், நான் உங்க வேதபாட கிளாஸ்ல படிச்சவன்.”

“அப்படியா? எத்தனையோ பேரு. ஓர்மையில்லடா, மறந்துபோச்சு.” என் முகத்தை உற்றுப் பார்த்தார். “நான் உன்னை அடிச்சிருக்கேனா?”

“அடிக்கல. நான் தமிழ்ல பிரார்த்தனை சொன்னப்போ சிரிச்சீங்க. பாண்டி லோரில வந்ததான்னு கேட்டீங்க. அந்த வருஷம் எனக்குப் புதுநன்மை தரல.”

அவர் கையை என் தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டு நின்றார், தொடவில்லை.

“கேட்டிருப்பேன்” என்றார் கடைசியில். “அப்போ எனக்கு நாக்கு நீளம். எதையாவது சொல்லி ஆளைச் சிரிக்க வைக்கணும். என் சொந்த மோனையும் அப்படித்தான் கேலி பண்ணுவேன். அவன் இப்போ என்கிட்ட பேசறதில்ல.” மறுபடி என்னைப் பார்த்தார். “எனக்கு ஓர்மையில்ல மோனே. உனக்கு இருக்கில்ல? அது போதும். என்னை மன்னிச்சுக்க.”

“சாப்பாட்டுக்கு முன்னாடியே மன்னிச்சாச்சு ஸார்” என்றேன். எப்போது, எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் செய்யவில்லை. ஆண்டவர் செய்து முடித்து என் கையில் கொடுத்தார். அவ்வளவுதான் தெரியும்.

அவர் கை என் தலையில் இறங்கியது. வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தார், அவருக்குச் சத்தம் வரவில்லை. சேச்சிதான் பக்கத்திலிருந்து ஆசீர்வாதத்தைச் சொல்லி முடித்தார்.

அதற்குப் பிறகு பதினைந்து பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். மகள் ஒவ்வொரு இலையாகப் போய்ப் பருப்பு ஊற்றினாள். எங்கள் வீட்டில் அன்றைக்கு இருந்த சத்தமும் சிரிப்பும் மாடி வரைக்கும் கேட்டது என்று குழந்தையின் அம்மா சொன்னாள்.

மூன்று மணிக்கு ஸாரை நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். மைத்துனன் எழுந்து வந்தான், வேண்டாம் என்றேன். வழியில் அவர் மகனைப் பற்றிச் சொன்னார், கால் எரிச்சலைப் பற்றிச் சொன்னார். சுள்ளிக்கல்லில் அவர் வீட்டு கேட்டுக்கு முன்னால் இறக்கிவிட்டேன். உள்ளே போகாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நேரத்தே, சாப்பாட்டுக்கு முன்னாடி, நீ என் காலுக்காகச் சொன்னியே. அதை இன்னும் ஒரு தடவை சொல்லு. என் மோனுக்கும் சேர்த்து.”

“இங்கேயா ஸார்? ரோட்டுலயா?”

“பின்னே? ரோட்டுல இயேசு இல்லையா? உன் தமிழ்லயே சொல்லு. எனக்குப் புரியும்.”

ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டேன். அவர் காலுக்கு முன்னால் ரோட்டோரத்தில் குந்தி உட்கார்ந்து, கட்டுத் துணியின்மேல் கை வைத்துக்கொண்டு, சொல்ல ஆரம்பித்தேன். பழக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த இரண்டு பெண் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது. அவர் காலுக்காகச் சொன்னேன். பேசாத மகனுக்காகச் சொன்னேன். என் குரல் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்ததை நானே கேட்டேன்.

“ஆமென்” என்றார் ஸார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி “ஆமென்” என்றார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு, “மதி மோனே, போதும். வெயிலு” என்றார்.

நான் நிறுத்தவில்லை. எனக்குச் சொல்ல இன்னும் நிறைய இருந்தது.